ஹேலோ பின் பழுத்தா முதல்ல ரெஞ்சை எடுங்க

நியூரோவார்டு_சிஸ்டர்:
கழுத்து முதுகெலும்பு அடிபட்டவங்களுக்குத் தலை அசையாம இருக்க மாட்டற வளையம்தான் ஹேலோ, அதை மண்டையோட்டில் பிடிச்சு வைக்கற திருகுதான் பின். அந்தப் பின் இடம் பழுத்தா "சரியா துடைக்கலையா?"ன்னு வீட்டுக்காரங்களைத் திட்டறதுதான் வழக்கம். பின் ஆடுதான்னு யாரும் பார்க்கறதில்லை. ஆடற பின் தோலை உரசி உரசி வழி உண்டாக்கும், ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியா அது வழியா இறங்கிடும். வளையத்தில் 'டிக்'னு சத்தம், இல்லேன்னா இத்தனை நாள் சும்மா இருந்த ஒரே ஒரு பின்னில் திடீர் வலி வந்தா தளர்ந்திருக்குன்னு சந்தேகப்படுங்க.

துடைக்கறப்போ ஒரு பின்னுக்கு ஒரு பஞ்சுக் குச்சி, சலைனில் நனைச்சு, பின்னிலிருந்து வெளிப்பக்கமா. காய்ஞ்ச பொருக்கைப் பிய்க்காதீங்க. ஈரக் காஸை சில நிமிஷம் வெச்சா ஊறி வந்துடும். ஆயின்ட்மென்ட் பூசி அடைச்சா கசிவு உள்ளேயே தங்கிடும்.

எலும்பு_ஓபி:
சிஸ்டர் சொல்றது சரி. 1986-ல் 179 பேரை வெச்சு வந்த அமெரிக்க ஆய்வில் 36 சதவீதம் பேருக்குப் பின் தளர்ந்தது, 20 சதவீதம் பேருக்குப் பின் இடத்தில் தொற்று.

பெரியவங்களுக்கு 4 பின், ஒவ்வொண்ணுக்கும் 8 இன்ச்-பவுண்டு (ரெஞ்சில் முறுக்கற விசையின் அளவு). 24–48 மணி நேரத்தில் திரும்ப ஒருமுறை 8-க்கு முறுக்கணும். அதுக்கப்புறம் தளர்ந்தா, ரெஞ்சில் தடை தெரிஞ்சா மட்டும் முறுக்குங்க. சும்மா சுத்திக்கிட்டே போனா எலும்பு அரிச்சிடுச்சுன்னு அர்த்தம், விடாம முறுக்கினா மண்டையோட்டின் உள்தகட்டைத் தாண்டிடும். வளையத்தின் பக்கத்துத் துளையில் புதுப் பின் போட்டு இறுக்கின பிறகுதான் பழசைக் கழற்றணும். அவசரத்தில் இதைத் தலைகீழா செய்றாங்க: மூணு பின்னில் வளையம் நிக்கும், கழுத்து நகரும், மிச்சப் பின்னும் தளரும்.

முன்பக்கப் பின் புருவத்தின் வெளிப்பாதிக்கு 1 செ.மீ. மேலே. போடும்போது கண்ணை இறுக்க மூடச் சொல்லுங்க. இல்லேன்னா இமை மூட முடியாம தோல் இழுத்துக்கும், இழுபடற தோல் பின்னைச் சுத்திப் புண்ணாகும்.

குழந்தை_நரம்பு:
அந்த 8 குழந்தைக்கு ஆகாது! மண்டையோடு மெலிசு. சிடி எடுத்துத் தடிமன் பார்த்துட்டு, சின்னக் குழந்தைக்கு 8–10 பின், ஒவ்வொண்ணுக்கும் 2 இன்ச்-பவுண்டு அளவில்.

நியூரோவார்டு_சிஸ்டர்:
சிவந்து கசிஞ்சாலும் பின் இறுக்கமா இருந்தா கழற்ற வேண்டாம். கசிவைக் கல்ச்சருக்கு (என்ன கிருமின்னு பார்க்கற டெஸ்ட்) எடுத்துட்டு ஆன்டிபயாடிக் மாத்திரை, துடைக்கறதை அடிக்கடி. தலைவலியோட காய்ச்சல், வாந்தி, வலிப்புன்னு வந்தா மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பாதீங்க. மூளையில் சீழ்க்கட்டியா இருக்கலாம், அன்னைக்கே கான்ட்ராஸ்ட் சிடி (மருந்து ஏத்தி எடுக்கற ஸ்கேன்). பின்னைக் கழற்றிப் பல நாள் ஆனவங்களுக்கும் இது பொருந்தும்.