படுக்கையில் இருக்கும் மாமியாருக்காக மழைக்காலத்துக்கு முன் எவற்றை, எத்தனை நாளுக்குச் சேர்த்து வைப்பது?

கடைமடைக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேதாரண்யத்துக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூரில், மாமியாருடனும் ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளுடனும் வசிக்கிறேன். கணவர் திருப்பூரில் வேலை பார்ப்பதால் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் ஊருக்கு வர முடிகிறது. மாமியாருக்கு வயது 76. சென்ற மாசி மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் தெளிவாக வருவதில்லை. நீண்ட நாளாகச் சர்க்கரை நோய் இருப்பதால் காலையில் 20 அலகும் இரவில் 12 அலகும் இன்சுலின் போடுகிறோம். டயப்பர்தான் கட்டுகிறோம், உணவைக் குழைத்து ஊட்டுகிறோம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பகுதியில்தான் கரையைக் கடந்தது. அப்போது எங்கள் வீட்டில் 23 நாள் மின்சாரம் இல்லை. ஆனால் அன்று வீட்டை நடத்தியவரே மாமியார்தான் என்பதால், எது எங்கே இருக்கிறது, எதை எப்படிச் சமாளிப்பது என்று நான் யோசிக்க வேண்டிய தேவையே எழவில்லை. இந்த ஆண்டு அவரே படுக்கையில் இருக்கும் நிலையில், ஐப்பசி பிறப்பதற்குள் வீட்டுக்குத் தேவையானவற்றை வாங்கி வைத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். மருந்துக் கடை ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இதற்கென்று எட்டாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எத்தனை நாளுக்கு வாங்க வேண்டும், பணம் போதாவிட்டால் எதை முதலில் வாங்க வேண்டும், மின்சாரம் இல்லாதபோது இன்சுலினை எப்படிக் காப்பது என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தலைஞாயிறு வீட்டிலிருந்து எழுதியது:

அன்புத் தங்கைக்கு, கஜா புயலின்போது இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த என் மாமனாரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதால், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எத்தனை நாளுக்கு என்று ஒரே கணக்காகப் போடாதீர்கள். சாலை திறக்கும் வரையிலான கணக்கு ஒன்று. மின்சாரம் வரும் வரையிலான கணக்கு மற்றொன்று. எங்கள் தெருவில் விழுந்து கிடந்த மரங்களை ஊர்ப் பிள்ளைகளே அரிவாளும் கோடாரியும் கொண்டு மூன்று நாளில் வெட்டி ஒதுக்கிவிட்டார்கள். ஐந்தாம் நாள் மளிகைக் கடை திறந்துவிட்டது. மின்சாரமோ இருபத்தெட்டாம் நாள்தான் வந்தது. ஆகவே அரிசி, பருப்பு போன்றவை பத்து நாளுக்கு இருந்தாலே போதும். மின்சாரத்தால் கிடைப்பவை எவையோ, அவற்றுக்கு மட்டும் ஒரு மாதத்துக்கு வழி செய்துகொள்ளுங்கள்: தண்ணீர், விளக்கு, கைப்பேசி, இன்சுலினுக்குக் குளிர்ச்சி, படுக்கை. நான் அன்று இதைத் தலைகீழாகச் செய்திருந்தேன். வீட்டில் இரண்டு மூட்டை அரிசி இருந்தது. மாமனாரைத் துடைத்துவிடத் தண்ணீர் இல்லை.

படுக்கை என்றதற்குக் காரணம் உண்டு. புண் வராமல் இருப்பதற்காக வாங்கும் காற்றுப் படுக்கை மோட்டாரில் ஓடுவது. மின்சாரம் நின்றால் காற்று இறங்கி வெறும் விரிப்பாகிவிடும். உங்கள் வீட்டில் அந்த வகைதான் இருக்கிறது என்றால், தண்ணீர் நிரப்பும் படுக்கை ஒன்றை மழைக்காலம் முடியும் வரை வாடகைக்காவது எடுத்து வையுங்கள். எந்தப் படுக்கையாக இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதை நிறுத்தக் கூடாது. புயலன்று இரவு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதில் நாங்கள் அதை மறந்துவிட்டோம். விடிந்து பார்த்தபோது மாமனாரின் முதுகுத்தண்டின் அடியில் தோல் சிவந்திருந்தது. அது புண்ணாகி ஆறுவதற்குத் தை மாதம் ஆகிவிட்டது.

டயப்பர் ஒரு நாளுக்கு மூன்று என்று வைத்துக்கொண்டு பதினைந்து நாளுக்கு 45 வாங்குங்கள். மீதி நாளுக்குப் பழைய பருத்தி வேட்டிகளைக் கிழித்து நான்காக மடித்துத் தைத்து வைத்தால் பணம் மிஞ்சும். ஆனால் அடைமழையில் துணி காயாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெயில் காலத்தில் இருபது துண்டு போதும் என்றால், கார்த்திகையில் நாற்பதாவது வேண்டும். அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தினாலும் இரண்டு நாள் பிடிக்கும். ரப்பர் விரிப்பு இரண்டு வேண்டும். பயன்படுத்திய டயப்பரை எங்கே போடுவது என்று யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை. கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது புதைக்கவும் முடியாது, எரிக்கவும் முடியாது. மூடியுள்ள பெரிய வாளி ஒன்றையும் தடித்த பைகளையும் இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் பகுதியில் நிலத்தடி நீர் உப்பு என்பதால் கொள்ளிடம் கூட்டுக் குடிநீரைத்தான் நம்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். புயல் எச்சரிக்கை வந்த உடனே மாடித் தொட்டியை நிரப்பி மூடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். நிரம்பிய தொட்டி தன் எடையால் அசையாமல் நிற்கும். எங்கள் தெருவில் வெறுமையாக இருந்த தொட்டிகள் பறந்து வயலில் கிடந்தன. குடிப்பதற்கான நீரைத் தனியே குடங்களில் பிடித்துத் துணியால் வேடு கட்டி வைத்து, நன்றாகக் கொதிக்க வைத்தே கொடுங்கள். அப்போது ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி வந்து, மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வீடு வீடாகத் தொட்டி நிரப்பிக் கொடுத்தார்கள். ஏடிஎம் எதுவும் இயங்காத அந்த நாள்களில் சில்லறைப் பணம் வைத்திருந்தவர்களுக்கே அது கிடைத்தது. எட்டாயிரத்தில் ஆயிரத்தை நூறு ரூபாய்த் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னை மருந்தாளுநர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். படுக்கையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் மேலே எழுதியவர் சொன்னதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. இன்சுலினைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் கடைகளில் அதிகம் விற்கும் 10 மில்லி குப்பியில் ஒரு மில்லிக்கு 40 அலகு வீதம் மொத்தம் 400 அலகு இருக்கும். உங்கள் மாமியாருக்கு ஒரு நாளுக்கு 32 அலகு என்பதால் ஒரு குப்பி பன்னிரண்டரை நாளுக்கு வரும். ஒன்றரை மாதத்துக்கு 1,440 அலகு தேவை. நான்கு குப்பிகள் வாங்கினால் போதும். அதற்கு மேல் வாங்க வேண்டாம். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள்.

திறக்காத குப்பிகள் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மின்சாரம் நின்ற பிறகு கதவைத் திறக்காமல் இருந்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் உள்ளே குளிர்ச்சி நிற்கும். அதற்குப் பிறகு மருந்து வீணாகிவிட்டது என்று பதற வேண்டியதில்லை. 25 முதல் 30 டிகிரிக்கு மிகாத இடத்தில், வெயில் படாமல் வைத்தால், பெரும்பாலான வகைகளை நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம். வகைக்கு வகை இது சற்று மாறும் என்பதால் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்து, குளிர்ச்சியிலிருந்து வெளியே எடுத்த தேதியைக் குப்பியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

மண்பானை முறை நம்பத்தக்கது. பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணலை நிரப்பி, அதை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். குப்பிகளை நீர் புகாத டப்பாவில் இட்டுச் சிறிய பானைக்குள் வைத்து ஈரத்துணியால் மூடலாம். நீர் ஆவியாவதால்தான் பானை குளிர்கிறது. காற்றே ஈரமாக இருக்கும் அடைமழை நாளில் அந்தக் குளிர்ச்சி குறைவாகவே இருக்கும். ஆனால் அந்த நாளில் வெப்பமும் குறைவு. புயல் போன பிறகு, கூரையும் மரநிழலும் இல்லாமல் வெயில் சுள்ளென்று அடிக்கும் நாள்களில்தான் பானை உண்மையாகக் கைகொடுக்கும். பனிக்கட்டி கிடைக்கிறது என்று குப்பியை நேரடியாக அதன்மேல் வைத்துவிடாதீர்கள். உறைந்த இன்சுலின் பயனற்றது. உருகிய பிறகு பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் அதைப் போடக் கூடாது. கலங்கலாக இருக்கும் வகையை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிய பிறகும் கட்டிகள் மிதந்தாலோ, குப்பியின் சுவரில் வெள்ளைத் துகள் ஒட்டியிருந்தாலோ அதை ஒதுக்கிவிடுங்கள்.

இதைவிட நான் அஞ்சுவது வேறொன்று. நெருக்கடியில் கிடைத்ததை வாங்கும்போது, ஒரு மில்லிக்கு 100 அலகு உள்ள குப்பியைக் கொடுத்துவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டுவந்து தருவதும் பெரும்பாலும் அதுதான். சிவப்பு மூடியுள்ள ஊசி 40-க்கு, ஆரஞ்சு மூடியுள்ளது 100-க்கு. 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் ஏற்றினால், நீங்கள் 20 என்று எண்ணிப் போடுவது உடலுக்குள் 50 அலகாகச் சேரும். குப்பியோடு அதற்குரிய ஊசியையும் சேர்த்தே வாங்குங்கள்.

உணவு குறையும் நாளில் வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அந்த நாளில் எவ்வளவு போடுவது என்பதை இப்போதே மருத்துவரிடம் கேட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பக்கவாதம் வந்தவருக்குப் புரையேறும் அபாயம் மிகுதி. உடனே 108-ஐ அழையுங்கள்.

கொள்ளிடக்கரை எழுதியது:

எனக்கு இதில் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. எங்கள் பக்கம் புயலைவிட வெள்ளம்தான் பெரிது. 2022 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் தண்ணீர் பெருகி, நாதல்படுகை, முதலைமேடு திட்டு போன்ற படுகை ஊர்களுக்குள் புகுந்தபோது, வீட்டில் சேர்த்து வைத்தவை அனைத்தும் தரையில்தான் இருந்தன. பரணில் ஏற்றாத சேமிப்பு சேமிப்பே அல்ல. மேலும், படுக்கையில் உள்ளவரைக் காற்று வீசத் தொடங்கிய பிறகு நகர்த்துவது முடியாத காரியம். ஓட்டு வீடாகவோ கூரை வீடாகவோ இருந்தால், எச்சரிக்கை வந்த முதல் நாளே உறவினரின் மாடி வீட்டுக்கோ பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையத்துக்கோ அழைத்துச் சென்றுவிடுங்கள். அதற்கேற்ப மூன்று நாள் பொருள்களைத் தூக்கிச் செல்லும்படி ஒரே பையில் தனியே கட்டி வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

கடைமடைக்காரி எழுதியது:

மூவருக்கும் நன்றி. எங்களுடையது தளம் போட்ட வீடுதான். ஆனாலும் பையைத் தனியே கட்டி வைக்கச் சொன்னது நல்ல யோசனை. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. அரிசியில் சென்ற ஆண்டு கார்த்திகையிலேயே வண்டு விழுந்துவிட்டது. மாமியாருக்குக் குழைய வேகும் பழைய புழுங்கலரிசியே ஒத்துக்கொள்கிறது என்பதால் அதை வீணாக்க மனம் வரவில்லை. மற்றொன்று, நான் டயப்பர் வாங்கியபோது, இப்படி ஒருவரே அள்ளிக்கொண்டு போனால் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும் என்று கடையில் ஒருவர் கேட்டார். எனக்கு அது உறுத்தலாகவே இருக்கிறது.

பழைய குதிர் எழுதியது:

அம்மா, குதிரும் பத்தாயமும் இருந்த காலத்தில் நாங்கள் நெல்லாகத்தான் வைத்திருந்தோம். வேண்டியபோது வேண்டிய அளவு அரைத்துக்கொள்வோம். அரிசியாக வைப்பதுதான் வண்டுக்கு வழி விடுகிறது. பத்து நாள் அரிசியை நல்ல வெயில் அடிக்கும் ஒரு நாளில் நிழலில் பரப்பி உலர்த்தி, ஆறிய பிறகு, உலர்ந்த வேப்பிலையும் இரண்டு துண்டு வசம்பும் துணியில் முடிந்து, காற்றுப் புகாத எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். தீப்பெட்டியையும் அதே போல் டப்பாவில் போட்டு வையுங்கள். ஐப்பசியில் நமத்துப்போன தீப்பெட்டியோடு போராடுவதைப் போன்ற எரிச்சல் வேறில்லை.

மன்னை மருந்தாளுநர் எழுதியது:

உறுத்தல் வேண்டாம், சகோதரி. புயல் எச்சரிக்கை வந்த மாலையில் வந்து ஐம்பது டயப்பர் கேட்பவர்தான் மற்றவர்களுக்கு இல்லாமல் செய்கிறார். புரட்டாசியிலேயே சொல்லிவிட்டால் கடைக்காரர் கூடுதலாக வரவழைத்துவிடுவார். இன்சுலினையும் இந்த வாரம் இரண்டு குப்பி, அடுத்த மாதம் இரண்டு குப்பி என்று வாங்குங்கள். பழையதை முதலில் எடுத்துப் பயன்படுத்துங்கள். இரத்த அழுத்த மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுப்பவரிடம், மழைக்கு முன் அடுத்த மாதத்துக்கும் சேர்த்துக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அப்படியே உங்கள் வீட்டில் படுக்கை நோயாளி இருக்கிறார் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் தெரிவித்துவிடுங்கள்.

கடைமடைக்காரி எழுதியது:

நேற்று இரண்டு குப்பிகளும், சிவப்பு மூடி ஊசிகளும், ரப்பர் விரிப்புகளும் வாங்கிவிட்டேன். மருத்துவரிடம் உணவு குறையும் நாளுக்கான அளவையும் எழுதி வாங்கினேன். தண்ணீர்ப் படுக்கை வாடகைக்குக் கிடைக்கிறது. அடுத்த வாரம் கணவர் வரும்போது எடுத்து வருவார். பானை வாங்கப் போகிறேன் என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட மாமியார், இடது கையால் பரணைச் சுட்டிக் காட்டினார். ஏறிப் பார்த்தபோது, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பானைகளும், கஜாவின்போது அவர் ஏற்றிய அரிக்கேன் விளக்கும் துணி சுற்றிப் பத்திரமாக இருந்தன. பானைகளில் விரிசல் இல்லை. விளக்கின் கண்ணாடிதான் உடைந்திருக்கிறது. மின்கல விளக்கு இரண்டு வாங்கிவிட்டேன் என்று எவ்வளவு சொல்லியும் அவர் கேட்பதாக இல்லை. அதை ஏற்றிக் காட்ட வேண்டும் என்கிறார். திருத்துறைப்பூண்டியிலோ மன்னார்குடியிலோ அந்தக் கண்ணாடி இப்போது எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாருக்காவது தெரியுமா?