கலைச்சொல்: ஐந்தாம் சீலத்துக்கு ‘மதுவிலக்கு’ பொருந்துமா?

வணக்கம்.

பௌத்தர் ஏற்கும் ஐந்து ஒழுக்கங்களான பஞ்ச சீலத்தின் ஐந்தாவதை ‘மதுவிலக்கு’ என்று தமிழில் எழுதுவது சரியில்லை. பாலி மூலம்: ‘சுராமேரய மஜ்ஜ பமாதட்டானா வேரமணீ’. சுரா என்பது மாவு, அப்பம், சோறு முதலியவற்றிலிருந்து வடிப்பது. மேரயம் என்பது பூ, பழம், தேன், வெல்லம் முதலியவற்றின் ஊறல். விநயம் (பிக்குகளின் ஒழுக்க நூல்) இரண்டுக்கும் தனித்தனியே 5 வகை சொல்கிறது. மஜ்ஜம் என்பது வெறியூட்டுவது; பமாதம் விழிப்புத் தவறுதல்; டானம் அதற்கு இடமாவது; வேரமணி விலகி நிற்றல்.

‘விலக்கு’ பிறவினை. அரசு சட்டம் போட்டுத் தடுப்பதற்கு அது சரி. சீலமோ ஒருவர் ‘சமாதியாமி’, ஏற்கிறேன், என்று தாமே சொல்லி எடுத்துக்கொள்வது, தன்வினைதான் வேண்டும். ‘மது’ என்றால் கஞ்சாவும் அபினும் வெளியே நின்றுவிடும். ‘மதிமயக்கி விலகல்’ எப்படி?

———

> மதிமயக்கி விலகல்

தன்வினை பற்றிச் சொன்னதை முழுதும் ஏற்கிறேன், ஐயா. ஆனால் ‘மயக்கி’ வினையெச்சமாகவும் நிற்கும்; ‘மதியை மயக்கிவிட்டு விலகுதல்’ என்று படித்துவிடுவார்கள்.

பமாதத்தை விட்டுவிட்டதும் குறைதான். அதன் வடமொழி வடிவமான ‘பிரமாதம்’ இன்று பாராட்டுச் சொல்லாகிவிட்டதால் உதவாது. குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை, அதாவது மறந்து சோர்ந்துவிடாமை. அங்கே ‘உவகை மகிழ்ச்சியின் சோர்வு’ என்று வருவது பமாதத்துக்கு மிக நெருக்கம். பௌத்த அறநூலான தம்மபதத்தின் 2ஆம் வர்க்கமான அப்பமாதத்தையும் (பமாதம் இல்லாமை) ‘பொச்சாவாமை’ என்றே சொல்லலாம். சீலத்தையும் ‘பொச்சாப்பு விலகல்’ ஆக்கினால் என்ன?

———

பொச்சாவாமை அருமை, அம்மா. அப்பமாதத்துக்கு அதையே வைத்துக்கொள்வோம். சீலத்தின் பெயரில் மட்டும் வேண்டாம். விழிப்புத் தவறாத அளவுக்குக் குடிக்கலாம் என்ற வாதத்துக்கு அது கதவு திறந்துவிடும். பிக்குகளுக்கான பாசித்திய (ஒப்புக்கொண்டு தீர்க்கும் குற்ற) விதி 51 அளவே பார்ப்பதில்லை. குசைப்புல் நுனியளவு குடித்தாலும் குற்றம், மது என்று அறியாமல் குடித்தாலும் குற்றம். அதே விநயம், மது சேர்த்துக் காய்ச்சிய மருந்தெண்ணெயில் மதுவின் நிறமும் மணமும் சுவையும் தெரியாவிட்டால் குடிக்க விடுகிறது. மது மிகுந்துபோனால் உடம்பில் பூச மட்டுமே. மதுவைப் போல மணந்தும் சுவைத்தும் மது அல்லாத பானம் குற்றமில்லை. ஆகவே பெயர் சுட்டவேண்டியது மயக்கும் பொருளை. மணிமேகலையில் வணிகன் சாதுவன் நாகர் தலைவனிடம் ‘மயக்கும் கள்’ என்று அப்படித்தான் சொல்கிறான். அன்று ‘கள்’ எல்லாவற்றுக்கும் பொது. இன்று தென்னை, பனையோடு நின்றுவிட்டது.

‘மதி’ ஏன் என்றால், இல்லறத்தாருக்குப் புத்தர் சொன்ன உரையான சிகாலோவாத சுத்தம் குடியின் 6 கேடுகளில் கடைசியாக வைப்பது அறிவு தளர்வதை. ‘மயக்கி’ என்று தனியே விட்டால் அறுவை அரங்கின் மயக்கமருந்தோடு குழம்பும். ‘லாகிரி’ பழகிய சொல்தான், ஆனால் எதைக் கெடுக்கிறது என்று சொல்லாது. உபாசகர் (இல்லறப் பௌத்தர்) செய்யக்கூடாத 5 வணிகங்களில் மஜ்ஜமும் நஞ்சும் தனித்தனியே வருகின்றன: ‘மதிமயக்கி வணிகம்’, ‘நச்சு வணிகம்’. சொல் அங்கும் இடறாமல் நிற்கிறது.

வினையெச்சக் குழப்பத்துக்கு வழி வேற்றுமையில் இருக்கிறது. பாலியில் ‘டானா’ ஐந்தாம் வேற்றுமை. தமிழிலும் ஐந்தாவதற்கு நீங்கல் பொருள் உண்டு. ‘யாதனின் யாதனின் நீங்கியான்’ என்பது குறள். நீங்கு, நீக்கு என்ற தன்வினை பிறவினை வேறுபாடும் கெடாது. எனவே:

தலைச்சொல்: மதிமயக்கியின் நீங்கல்
உரைநடையில்: மதிமயக்கிகளிலிருந்து நீங்குதல்

———

‘இன்’ உருபு வந்ததும் என் ஐயம் தீர்ந்தது. ‘மதிமயக்கியின் நீங்கல்’ எனக்குச் சம்மதம்.