கிளிக் குவிகிறது, தொலைபேசி மட்டும் ஒலிப்பதில்லை: தேடல் விளம்பரத்தில் என் தவறு எது?

பாபின்காரன் (கேட்டவர்):
வணக்கம். தையல் இயந்திரம் பழுதுபார்ப்பது என் தொழில். நானும் ஓர் உதவியாளரும்தான். கூகுள் ஆட்ஸில் முதன்முறையாக விளம்பரம் போட்டு 9 நாள் ஆகிறது. இதுவரை 214 கிளிக். வந்த அழைப்புகள் இரண்டு. அதிலும் ஒருவர் என்னிடம் வேலை கேட்டார். கீவேர்டு, அதாவது எந்தத் தேடலுக்கு விளம்பரம் தோன்ற வேண்டும் என்று நாம் குறிக்கும் சொல், ஒன்றே ஒன்றுதான் கொடுத்தேன்: தையல் இயந்திரம். போதாக்குறைக்கு, ஐந்தாம் நாள் நான் குறித்த தினசரித் தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கழிந்திருக்கிறது. போட்டியாளர் யாரோ வேண்டுமென்றே அழுத்துகிறார் என்று சந்தேகம். மூடிவிடலாமா?

ஊசிமுனை:
மூட வேண்டாம், இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். போட்டியாளர் மீது பழி போடும் முன், மக்கள் உண்மையில் தேடிய சொற்களைக் காட்டும் 'சர்ச் டெர்ம்ஸ்' அறிக்கையைத் திறந்து பாருங்கள். நீங்கள் கொடுத்த கீவேர்டு ஒன்று. மக்கள் தட்டச்சு செய்தது வேறொன்று. அதில் மேலே இருப்பவற்றை இங்கே எழுதுங்கள்.

தொகை இரு மடங்கானது பிழையன்று. நீங்கள் குறித்தது சராசரித் தினசரித் தொகைதான். ஒரு நாளில் இரு மடங்கு வரை போகலாம். ஆனால் மாத மொத்தம் அந்தத் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டாது.

பாபின்காரன்:
பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது. 'தையல் இயந்திரம் படம்', 'இலவசத் தையல் இயந்திரம்', 'தையல் வேலைக்கு ஆள் தேவை', 'தையல் பயிற்சி வகுப்பு', 'பழைய தையல் இயந்திரம் விற்பனைக்கு'. பழுது என்ற சொல் பதினாறாவது வரியில்தான் வருகிறது.

ஊசிமுனை:
திருடன் வெளியில் இல்லை. கீவேர்டை வெறுமனே எழுதினால் அது 'பிராட் மேட்ச்'. தொடர்புடையது என்று தேடுபொறி நினைக்கும் எல்லாவற்றுக்கும் விளம்பரம் போகும். இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் 'ஃப்ரேஸ் மேட்ச்', அந்தச் சொற்களின் அர்த்தம் தேடலில் இருக்க வேண்டும். சதுர அடைப்புக்குள் எழுதினால் 'எக்ஸாக்ட் மேட்ச்', இன்னும் இறுக்கம். உங்கள் கீவேர்டில் பழுது என்ற சொல்லே இல்லையே! 'தையல் இயந்திரம் பழுது', 'தையல் இயந்திரம் ரிப்பேர்', 'தையல் மெஷின் சர்வீஸ்' என்று கொடுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்பவர்கள் ஏராளம்; அந்த வடிவங்களும் வேண்டும்.

அடுத்தது நெகட்டிவ் கீவேர்டு: எந்தச் சொல் வந்தால் விளம்பரம் தோன்றக் கூடாது என்ற பட்டியல். இங்கே தமிழர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நெகட்டிவ் பட்டியல் சொல்லைத் தானாக விரித்துக்கொள்ளாது. 'வேலை' என்று தடுத்தால் 'வேலைக்கு' தடுக்கப்படாது. 'இலவசம்' தடுத்தாலும் 'இலவச', 'இலவசத்' இரண்டும் உள்ளே வந்துவிடும். நம் வேற்றுமை உருபுகளையும் சந்தியையும் அந்த இயந்திரத்துக்கு யார் சொல்லிக்கொடுப்பது? ஒவ்வொரு வடிவத்தையும் நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

எக்ஸாக்ட் மேட்ச் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வீண் செலவு வெகுவாகக் குறையும்.

கணக்குப்பிள்ளை:
கடைசி வரியில் எனக்கு உடன்பாடில்லை. இவ்வளவு சிறிய தொழிலுக்கு அதை மட்டும் நம்பினால் விளம்பரம் தோன்றுவதே அரிதாகிவிடும். ஃப்ரேஸ் மேட்ச்சில் தொடங்கி, வாரம் இருமுறை அறிக்கையைப் பார்த்துக் களை பிடுங்குவதே மேல்.

இட அமைப்பையும் பாருங்கள். இயல்பாக அது உங்கள் பகுதியில் 'இருப்பவர்கள் அல்லது அதில் ஆர்வம் உள்ளவர்கள்' என்றிருக்கும். எங்கோ தொலைவில் இருப்பவர் உங்களிடம் இயந்திரத்தைத் தூக்கி வரப்போவதில்லை. 'இருப்பவர்கள்' என்று மாற்றுங்கள். டிஸ்பிளே நெட்வொர்க் (தேடலுக்கு வெளியே, பிற வலைத்தளங்களில் விளம்பரம் காட்டுவது) பெட்டியில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். தேடுகிறவரைப் பிடிக்கத்தானே வந்தோம்.

விளம்பரத்தை அழுத்தினால் எந்தப் பக்கம் திறக்கிறது?

பாபின்காரன்:
முகப்புப் பக்கம். தொலைபேசி எண் அடியில் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
ஊசி ஒடிந்து, அவசரத்தில் கைப்பேசியில் தேடுகிறவர் அடிவரை உருட்ட மாட்டார். பழுதுபார்ப்புக்கென்று தனிப்பக்கம் வையுங்கள், எண் உச்சியில், தொட்டால் அழைப்பு போகும்படி. அழைப்பை 'கன்வெர்ஷன்' ஆக, அதாவது விளம்பரத்தால் கிடைத்த பலனாக, பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் எந்தக் கீவேர்டு வேலை செய்கிறது என்பதை ஊகித்துக்கொண்டே இருப்பீர்கள். இன்னொன்று: விளம்பரம் வருகிறதா என்று நீங்களே அடிக்கடி தேடாதீர்கள். அதற்கென முன்னோட்டக் கருவி கணக்கிலேயே இருக்கிறது.

பாபின்காரன்:
(ஆறு நாள் கழித்து) 38 கிளிக், 7 அழைப்பு. ஐந்து பேர் இயந்திரத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். மீதி இருவர் புது இயந்திரம் விலை கேட்டார்கள். 'விற்பனை இல்லை, பழுதுபார்ப்பு மட்டும்' என்று விளம்பரத் தலைப்பிலேயே எழுதினால் கிளிக் குறைந்துவிடுமே?

ஊசிமுனை:
குறையட்டும். பணம் கிளிக்குக்குத்தானே போகிறது. தலைப்பு ஒன்றுக்கு 30 எழுத்துதான் அனுமதி. 'பழுதுபார்ப்பு மட்டும்' என்று சுருக்கி எழுதுங்கள்.