மன வரைபடமா, எண்ணக்கிளைப்படமா?

நண்பர்களே,

நினைவாற்றல், வேகமாக வாசிப்பது, மைண்ட் மேப் (எண்ணங்களைக் கிளை கிளையாக வரையும் படம்) மூன்றும் சேர்ந்த ஒரு போட்டிக்கு விதித்தாளைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம்தானே, ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்தது என் தப்பு. தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். 'நினைவுப் போட்டி' என்று எழுதி வீட்டில் காட்டினால், "யார் நினைவாக?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். நினைவு நாள், நினைவு மண்டபம், நினைவுச் சுழற்கோப்பை என்று அந்தச் சொல் பாதி நேரம் மறைந்தவர்களோடுதான் புழங்குகிறது. 'நினைவுகூர்தல்' என்றாலும் அதே கதை, உடனே மாலையும் மலர்வளையமும் கண்ணுக்குள் வருகின்றன. ஆகவே கொஞ்சம் நீண்டாலும் 'நினைவாற்றல் போட்டி'. மனப்பாடப் போட்டி வேண்டவே வேண்டாம், அது முன்பே தெரிந்த செய்யுளை ஒப்பிப்பது. இங்கே கையில் கொடுப்பது அந்த நிமிடம் வரை யாரும் பார்க்காத எண்வரிசை, இல்லாவிட்டால் கலைத்துப் போட்ட 52 சீட்டு. மைண்ட் மேப்பைப் பரப்பிய டோனி பூசானும் சதுரங்க வீரர் ரேமண்ட் கீனும் 1991-ல் தொடங்கிய உலக நினைவாற்றல் போட்டியில் ஒரு மணி நேரச் சீட்டுப் பிரிவு என்று ஒன்று உண்டு: 60 நிமிடம் பார்க்க, 120 நிமிடம் வரிசை மாறாமல் திரும்ப எழுத. இந்த இரண்டு கட்டத்துக்கும் பெயர் வேண்டும். 'பதிவு நேரம்' என்றால் பெயர் கொடுக்கும் நேரம் என்று வாசலில் வரிசை நிற்கும். 'மீட்பு நேரம்' என்றால் தீயணைப்பு வண்டிதான் வர வேண்டும். இப்போதைக்கு 'உள்வாங்கு நேரம்', 'மீட்டெழுது நேரம்' என்று வைத்திருக்கிறேன்.

> கவனகம் என்று அழகான சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்கு ஐயா?

நண்பர் ஒருவர் கேட்ட இதைப் பற்றி நானும் யோசித்தேன். ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனித்து நினைவில் வைக்கும் அவதானத்தைத்தான் கவனகம் என்கிறோம். 1907-ல் செய்குத்தம்பிப் பாவலர் சென்னையில் சதாவதானம், அதாவது நூறு கவனகம், செய்து காட்டியதைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். ஆனால் கவனகர் என்ன செய்கிறார்? ஒருவர் முதுகில் எறியும் கல்லை எண்ணிக்கொண்டே, இன்னொருவர் கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா கட்டிக்கொண்டே, நடுநடுவே வரும் கேள்விக்கும் பதில் சொல்கிறார். கவனத்தைப் பலவாகப் பிரிப்பதுதான் அந்தக் கலை. நம் போட்டியாளரோ காதை அடைத்துக்கொண்டு ஒரே சீட்டுக்கட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பவர். நேர் எதிர். சொல் பழையது என்பதற்காக வேறு வேலைக்கு அதைத் தூக்கிக் கொடுத்தால், கவனகத்துக்கு நாளைக்குப் பெயர் இருக்காது.

வாசிப்புக்கு வருவோம். 'விரைவுப் படிப்பு' என்றால் மூன்று மாதத்தில் சான்றிதழ் தருகிற வகுப்பு மாதிரி இருக்கிறது. 'விரைவாசிப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார், ஒட்டிப் பார்க்க அழகுதான், ஆனால் விரை என்ற சொல்லுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பொருளை நினைத்துப் பாருங்கள். 'வேக வாசிப்பு' போதும். நாதஸ்வரக் கச்சேரியோ என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.

சொல்லைவிட இங்கே அளவுதான் சிக்கல். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணி, எத்தனை கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னார் என்ற விழுக்காட்டால் பெருக்குவது வழக்கம். புரிதலையும் சேர்ப்பது சரிதான். வேகம் கூடினால் புரிதல் குறையும் என்பதைக் வாசிப்பை ஆராய்ந்த உளவியலாளர் கீத் ரெய்னர் குழுவினரின் 2016 கட்டுரை விரிவாகவே சொல்கிறது. ஆனால் தமிழில் 'போகவேண்டியிருந்ததால்தான்' ஒரு சொல்லா, நாலு சொல்லா? அதையே ஒருவர் பிரித்துப் பிரித்து அச்சிட்டுக் கொடுத்தால், வாசிப்பவர் திடீரென்று இரண்டு மடங்கு வேகமாகிவிடுவார். நான் 'நிமிடத்துக்கு எழுத்து' என்று மாற்றப் போகிறேன்.

இனி மைண்ட் மேப். பூசான் 1974-ல் பிபிசி தொடர் வழியாகப் பரப்பியது. தாளின் நடுவில் வண்ணப் படம், அதிலிருந்து வளைந்து கிளம்பும் கிளைகள், கிளைக்கு ஒரு சொல். 'மன வரைபடம்' என்று பலரும் எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் 1948-ல் உளவியலாளர் எட்வர்டு டோல்மன் எலிகள் புதிர்வழியில் பாதையைத் தலைக்குள் வைத்திருப்பதைப் பற்றி எழுதினாரே, உண்மையில் மனதுக்குள் இருக்கும் அந்த வரைபடத்தை என்ன சொல்லி அழைப்பது? அதற்குத்தான் மனவரைபடம் கச்சிதம். நம்முடையது மனதுக்கு வெளியே தாளில் கிடக்கிறது, நடுவர் கையில் எடுத்து மதிப்பெண் போடுகிறார். 'கருத்து வரைபடம்' என்றால் கல்வியாளர் ஜோசப் நோவாக் உருவாக்கிய இன்னொரு வகைப் படம். அதில் கோடுகளின் மேலும் இணைப்புச் சொல் எழுத வேண்டும், ஒரே மையம் என்ற கட்டாயமும் இல்லை. அதனால் என் பரிந்துரை: எண்ணக்கிளைப்படம்.

> எண்ணக்கிளைப்படம் வாயில் நுழையவில்லை. மைண்ட் மேப் என்றே விடுங்கள். பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பிள்ளைகள் "மைண்ட் மேப் போடு" என்கிறார்கள், உண்மை. "கிளைப்படம் போடு" என்று சொல்லிப் பாருங்கள், இதுவும் நுழைகிறது.

> கணக்கில் மர வரைபடத்தையும் சிலர் கிளைப்படம் என்பார்களே?

சரி, ஒப்புக்கொள்கிறேன், மோதல் இருக்கிறது. முதல் விதியில் முழுப்பெயர், அதற்கப்புறம் கிளைப்படம் என்று எழுதிவிட்டால் இந்தத் தாளுக்குள் குழப்பம் வராது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை 'ஒரு கிளைக்கு ஒரு சொல்' என்ற விதி. 'வரவேண்டியிருந்ததால்' என்று ஒருவர் எழுதிவிட்டு ஒரு சொல்தான் என்று வாதாடினால் நடுவர் என்ன செய்வார்? ஆகவே இப்படி எழுதியிருக்கிறேன்:

'எண்ணக்கிளைப்படத்தின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு பெயர்ச்சொல்லோ ஒரு வினையடியோ மட்டும் இருக்க வேண்டும். விகுதிகள் ஒட்டிய வினைக்கு மதிப்பெண் இல்லை.'

உடைக்க முடிந்தால் உடைத்துக் காட்டுங்கள். இன்னொன்று பாக்கி இருக்கிறது: சீட்டுகளைத் தெரிந்த வீட்டின் அறை அறையாக மனதில் வைத்துக்கொண்டே போகும் அந்த உத்தி. 'நினைவு மாளிகை' என்றால் மறுபடியும் மலர்வளையம், 'மனமாளிகை' என்றால் காதல் பாட்டு. வேறு யாரிடமாவது சொல் இருக்கிறதா?