பத்து ரூபா சைனா லைட்டரா, நம்ம தீப்பெட்டியா? தடை போட்டது சரிதானா?

கரிசல்காடு:
2023 ஜூன் கடைசில மத்திய அரசு ஒரு தடை போட்டுச்சு, இறக்குமதி விலை 20 ரூபாய்க்கு கீழ இருக்கற சிகரெட் லைட்டர் எதுவும் நாட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு. உடனே இறக்குமதி வியாபாரிங்க என்ன பண்ணாங்க, லைட்டரா கொண்டு வராம பாகம் பாகமா இறக்கி இங்க வச்சு மாட்டி வித்தாங்க. 2024 அக்டோபர்ல அந்த பாகங்களுக்கும் கட்டுப்பாடு வந்துச்சு. அப்படியும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு சுத்தி இருக்கற கடைகள்லயே சரம் சரமா லைட்டர் தொங்குது. நம்ம ஊருலயேங்க! 2022ல முதல்வரா இருந்த ஸ்டாலின் மத்திய அரசுக்கு எழுதுன கடிதத்துல ஒரு லைட்டர் 20 தீப்பெட்டி விக்கிற இடத்த பிடிச்சிருதுன்னு சொல்லிருந்தாரு. கோவில்பட்டி, கழுகுமலை, சாத்தூர், சிவகாசி, அந்தப்பக்கம் குடியாத்தம்னு ஒரு லட்சம் பேருக்கு மேல தீப்பெட்டி தொழில நம்பி இருக்காங்க, அதுல முக்காவாசி பொம்பளைங்க. வானம் பாத்த பூமி, மழை பேஞ்சா கம்பு சோளம், இல்லன்னா தீப்பெட்டி ஆபீசுதான் (தொழிற்சாலைய எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்) கஞ்சி ஊத்துச்சு. தடைய இன்னும் இறுக்கணும், வாங்குற ஆளுங்களும் லைட்டர ஒதுக்கணும். இது என் கருத்து, மாத்துக் கருத்து இருக்கறவங்க தாராளமா சொல்லுங்க.

பெட்டிக்கடை மதுரை:
அண்ணே உங்க கோபம் புரியுது, ஆனா கடைல உக்காந்து பாத்தீங்கன்னா வேற மாதிரி இருக்கும். வர்றவன் "அண்ணே லைட்டர்" னுதான் கேக்குறான். 20 பெட்டின்னா 2 ரூபா மேனிக்கு 40 ரூபா, லைட்டரு பத்து பதினஞ்சு ரூபாய்ல முடிஞ்சுருது, கூலி வேலைக்கு போறவன் எத வாங்குவான்? ஐப்பசி கார்த்திகைல ஈரக்காத்துக்கு குச்சி நமுத்துப்போயி நாலு குச்சி உரசுனாத்தான் ஒண்ணு பத்துது. எங்கப்பா காலத்துல கடைக்கு முன்னாடி கயித்துல கங்கு வச்சு தொங்கவிட்டுருப்பாரு, பீடி வாங்குறவன் அதுல பத்த வச்சுக்குவான், இப்ப அதே ஆணில சணல்ல கட்டுன லைட்டர் தொங்குது. ஒண்ணு கட்டுனா வாரக்கணக்கா ஓடுது, பெட்டிய வச்சா சாயங்காலத்துக்குள்ள யாராவது சட்டைப்பைல போட்டுட்டு போயிருவாங்க. தடை போட்டதால கடைக்கு வரத்து நிக்கல, விலைதான் ரெண்டு மூணு ரூபா கூடிருச்சு.

ஷென்ஜென் தமிழன்:
நான் இங்க சைனால பர்ச்சேஸ் வேலைல இருக்கேன், இந்த லைட்டர் எங்க இருந்து வருதுன்னு சொன்னா பேச்சு இன்னும் தெளிவா இருக்கும். ஹுனான் மாகாணத்துல ஷாவோதோங்னு ஒரு ஊரு, உலகத்துல விக்கிற ஒரு தடவ உபயோகிச்சு தூக்கிப்போடுற லைட்டர்ல பத்துக்கு ஏழு அங்க இருந்துதான் போகுது. முன்னாடி வென்ஜோவுலயும் இந்த தொழில் பெருசா இருந்துச்சு. இங்க கடைல ஒரு லைட்டர் ஒரு யுவான், இருபது வருஷமா அதே விலைதான். சம்பளம், பிளாஸ்டிக் விலை எல்லாம் எத்தனையோ மடங்கு ஏறியும் எப்படி முடியுதுன்னா ஸ்பிரிங் ஒருத்தன், கல்லு ஒருத்தன், சக்கரம் ஒருத்தன், வால்வு ஒருத்தன்னு ஊரே பிரிச்சு செய்யுது, கையால பண்ணதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா மெஷினுக்கு மாத்திட்டாங்க, ஒரு பீஸ்ல சில பைசாதான் நிக்கும் ஆனா எண்ணிக்கை கோடிக்கணக்குல. இங்க அத ஒரு பொருளாவே யாரும் மதிக்கிறதில்ல, ஏர்போர்ட்ல செக்கிங்குக்கு முன்னாடி தட்டுல குவியலா போட்டுட்டு போயிருவாங்க. அந்த ஊர்க்காரனும் நம்மள மாதிரி பொழைக்க வழி இல்லாம ஆரம்பிச்சவன்தான். அவன் திறமைய தடை போட்டு எத்தனை நாளைக்கு தடுக்க முடியும்? நாமளும் அந்த மாதிரி செஞ்சு காட்டணும்.

கரிசல்காடு:
ஷென்ஜென் தம்பி, நல்ல தகவல். ஆனா நம்ம தொழில் எப்படி வந்துச்சுன்னு பாருங்க. 1920 வாக்குல இந்தியாவுல எரிஞ்ச தீக்குச்சி பெரும்பாலும் ஜப்பான் சரக்கு. 1922ல வெள்ளக்கார அரசாங்கம் ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒண்ணரை ரூபா இறக்குமதி வரி போட்டுச்சு, அவனுக்கு வருமானத்துக்குத்தான். அதே 1922ல தான் சிவகாசில இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போயி தீப்பெட்டி செய்ய படிச்சுட்டு வந்தாங்க. 1928ல அந்த வரியையே உள்நாட்டு தொழிலுக்கு பாதுகாப்புன்னு நிரந்தரமாக்குனாங்க. அந்த வரிச்சுவரு இல்லன்னா குட்டி ஜப்பான்னு பேரெடுத்த ஊரு ஏது? 1991ல ஐரோப்பாக்காரனே சைனா லைட்டருக்கு குவிப்பு வரி, அதாவது விலைய அடிச்சு கொண்டு வந்து குவிக்கறத தடுக்கற வரி, போட்டான். அவன் போட்டா கொள்கை, நாம போட்டா சோம்பேறித்தனமா?

ஷென்ஜென் தமிழன்:
அண்ணாச்சி, அதே சுவருக்கு இன்னொரு பக்கம் இருக்கு. வரி வந்ததும் சுவீடன் கம்பெனி வெளிய நிக்கல, 1923லயே விம்கோன்னு உள்ள வந்து இங்கயே பெரிய மெஷின் தொழிற்சாலை கட்டிருச்சு. லைட்டர்லயும் அதுதான் நடக்கும், நாளைக்கு எவனாவது இங்கயே மொத்தமா அச்சு வார்த்து தயாரிச்சா அது இந்திய சரக்கு. அப்ப தீப்பெட்டிக்கு என்ன பாதுகாப்பு?

கரிசல்காடு:
விம்கோ வந்தும் கைத்தொழில் எப்படி நின்னுச்சுன்னா, கையால செய்யறவனுக்கு கலால் வரில சலுகை குடுத்தாங்க, பல வருஷம். மெஷின்காரனுக்கு ஒரு வரி, பண்டல் கட்டுற சின்ன ஆளுக்கு கம்மி வரி. ஜிஎஸ்டி வந்தப்ப கூட கைக்கு 5 சதவீதம், மெஷினுக்கு 18 தான். 2020 ஏப்ரல்ல ரெண்டையும் 12 ஆக்கி ஒண்ணா சேத்துட்டாங்க. சுவருல ஓட்டை போட்டது இங்க உள்ளவங்கதான், அத நான் ஒத்துக்கறேன், அதுக்காக லைட்டர விட்ரலாம்னு ஆகாது.

சாத்தூர் மகள்:
இவ்வளவு நேரம் படிச்சுட்டு இருந்தேன், எழுதாம இருக்க முடியல. எங்கம்மா கட்டை அடுக்குனவங்க. பலகைல பள்ளம் பள்ளமா இருக்கும், குச்சிய ஒவ்வொண்ணா அதுல வரிசையா வைக்கணும், பலகை மேல பலகையா அடுக்கி இறுக்குனாத்தான் ஒரு கட்டை, அப்புறம்தான் மருந்து முக்க போகும். கணக்கு கட்டைக்கு இவ்வளவுன்னுதான், நாளுக்கு இல்ல. உடம்பு சரியில்லன்னா அன்னிக்கு காசு இல்ல. விரல் நுனி வரி வரியா வெடிச்சுருக்கும், எலுமிச்சை பிழிய முடியாது அவங்களால. இந்த தொழில்ல சின்னப் பிள்ளைங்கள வச்சு வேலை வாங்குனத உச்ச நீதிமன்றம் 1996ல தலையிட்டுத்தான் கண்டிச்சுச்சு, அதையும் மறந்துட்டு "கஞ்சி ஊத்துச்சு"ன்னு மட்டும் எழுதாதீங்க அண்ணாச்சி. இப்ப எங்க தெருவுல சின்ன வயசு பொண்ணுங்க யாரும் ஆபீசுக்கு போறதில்ல, மில்லு பஸ் வருது, ஜவுளிக்கடை இருக்கு. லைட்டர் வரலைன்னாலும் அவங்க போக மாட்டாங்க.

அப்புறம் ஒரு கணக்கு. 2021 டிசம்பர்ல பெட்டி 1 ரூபாய்ல இருந்து 2 ரூபா ஆச்சு, 14 வருஷம் கழிச்சு ஏத்துனது. அப்ப உற்பத்தியாளர்கள் சொன்னது, 600 பெட்டி பண்டல் 270, 300க்கு குடுத்துட்டு இருந்தோம், இனி 430ல இருந்து 480 வரைன்னு. 480ன்னே வச்சா பெட்டிக்கு 80 பைசா. கடைல 2 ரூபா. மிச்சம் 1 ரூபா 20 பைசா வரி, லாரி, டீலர், கடைன்னு போகுது. அந்த 80 பைசாக்குள்ள குச்சி, மெழுகு, பாஸ்பரஸ், அட்டை எல்லாம் போக எங்கம்மாவுக்கு என்ன வரும்? இத திருடுனது சைனாக்காரன் இல்லைங்க.

பெட்டிக்கடை மதுரை:
தங்கச்சி, கடைக்காரன் எடுக்கறது நீ நினைக்கிற அளவு இல்லம்மா, பெட்டிக்கு பத்து இருபது பைசா நின்னா பெருசு. ஆனா நீ போட்ட கணக்கு சரி, நடுவுல ரெண்டு கை மாறுது.

பச்சைத்துண்டு:
யாரும் பிளாஸ்டிக்க பத்தி பேசலையே. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து பிளாஸ்டிக் கப்பு, உறிஞ்சு குழல், கேரி பேக் எல்லாம் தடை. நாடு முழுக்க 2022 ஜூலைல இன்னொரு பட்டியல் வந்துச்சு. ரெண்டுலயும் லைட்டர் இல்ல. இதுவும் ஒரு தடவதான், கேஸ் தீந்ததும் குப்பைதான், அதுல பிளாஸ்டிக், இரும்பு, மிச்ச கேஸ்னு மூணும் ஒட்டிக்கிட்டு இருக்கறதால பிரிக்கறவனும் எடுக்க மாட்டான். ராமேஸ்வரம் கடற்கரைல குப்பை பொறுக்க போறப்ப செருப்புக்கு அடுத்து கைல சிக்குறது இதுதான். தீக்குச்சி மரம், அட்டைப்பெட்டி, மண்ணோட போயிரும். எந்த நாட்டு சரக்குன்னு பாக்காம, கேஸ் திரும்ப அடைக்க முடியாத லைட்டர மொத்தமா நிறுத்தணும். அப்படி சட்டம் போட்டா உள்ளூர்ல தயாரிச்சாலும் தப்பிக்க முடியாது, ஷென்ஜென் நண்பர் கேட்ட கேள்விக்கும் அது பதில்.

ஷென்ஜென் தமிழன்:
இதுல நியாயம் இருக்கு, நாட்டைப் பாத்து போடுற தடைய விட பொருளப் பாத்து போடுற சட்டம் மேல். ஆனா ஒண்ணு யோசிங்க, சமையலுக்கு கேஸ் அடுப்பு லைட்டர் வந்து எவ்வளவு நாளாச்சு? ஒரு காலத்துல வீட்டுக்கு மாசம் ஒரு டஜன் பெட்டி வாங்குவோம், இப்ப சாமி விளக்குக்கும் கரண்ட் போனா மெழுகுவத்திக்கும்தான். சிகரெட் லைட்டர நிறுத்துனா பழைய விற்பனை திரும்ப வந்துரும்னு அந்த அம்மாங்களுக்கு நம்பிக்கை குடுக்கறது சரியில்ல.

கரிசல்காடு:
திரும்ப வரும்னு நான் சொல்லல. இருக்கறத காப்பாத்தணும்னுதான் சொல்றேன். சாத்தூர் தங்கச்சி சொன்ன கூலி விஷயத்துல ஒரு வார்த்தை மாறாம ஒத்துப்போறேன், ஆனா கூலி கூட்டுன்னு யாருகிட்டம்மா கேப்ப, ஆபீசே மூடிட்டா? வியாபாரம் ஓடுனாத்தான் கேக்கவே முடியும். இப்ப ஆபீசுல இருக்கறது அம்பது வயசு தாண்டுனவங்க, மில்லுல எடுக்க மாட்டான், ஜவுளிக்கடைல நிக்க வைக்க மாட்டான். அவங்களுக்காகத்தான் இந்த விவாதத்தையே ஆரம்பிச்சேன்.

சாத்தூர் மகள்:
அந்த வயசுல இருக்கறவங்கள்ல எங்கம்மாவும் ஒருத்தங்க அண்ணாச்சி. அதனாலதான் கேக்கறேன், லைட்டர் தடைக்கு டெல்லி வரைக்கும் போயி மனு குடுக்க முடிஞ்ச முதலாளிங்க சங்கம், கட்டைக்கு கூலி ஏத்துறதுக்கு கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் வருமா? 2 ரூபா ஆனப்ப கட்டைக்கு எவ்வளவு கூடுச்சுன்னு உங்க ஊர்ல கேட்டு எழுதுங்க. நானும் எங்க பக்கம் கேட்டு எழுதறேன்.