பெட்ரா பிராங்கா: விளக்கைக் கட்டியதால்தான் தீவு சிங்கப்பூருக்குக் கிடைத்ததா?

உட்லண்ட்ஸ்வாசி (கேள்வி):

வணக்கம். என்னோடு வேலை பார்க்கும் நண்பர் தினமும் மலேசியாவின் ஜொகூரிலிருந்து வந்து போகிறவர். மதியச் சாப்பாட்டில் பேச்சு எப்படியோ சிங்கப்பூர் நீரிணையில் இருக்கும் பெட்ரா பிராங்கா தீவின் பக்கம் போய்விட்டது, அவர் மலாய்ப் பெயரில் பூலாவ் பத்து பூத்தே என்றுதான் சொல்வார். "ஜொகூர் கரையிலிருந்து 7.7 கடல் மைல், சிங்கப்பூரிலிருந்து 24 கடல் மைல், வெள்ளைக்காரன் அங்கே ஒரு கலங்கரை விளக்கத்தைக் கட்டினான் என்பதற்காகத் தீவையே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள், இதெல்லாம் என்ன நியாயம்?" என்று கேட்டார். 2008-இல் அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது தெரியும், எதை வைத்துச் சொன்னது என்று எனக்குத் தெரியவில்லை. விளக்கு மட்டும்தான் காரணமா? அப்புறம் இன்னொன்று, அங்கே இருக்கும் அந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை நேரில் போய்ப் பார்க்க வழி உண்டா?

பழைய கோப்பு:

விளக்கு காரணமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தீர்ப்பைப் படித்துப் பாருங்கள், கட்டியதையும் ஏற்றியதையும் வைத்து மட்டும் உரிமை பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது என்று நீதிமன்றமே சொல்கிறது. ஆதியில் அது ஜொகூர் சுல்தானகத்தின் தீவு என்பதையும் ஒப்புக்கொண்டது. அதாவது உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி.

இதற்கு நல்ல சாட்சி மேற்கே மலாக்கா நீரிணையில் இருக்கிறது. பூலாவ் பிசாங் என்ற தீவிலும் விளக்கை நடத்துவது சிங்கப்பூர்தான், 1900-இல் ஜொகூரோடு போட்ட பத்திரப்படி. ஆனால் தீவு மலேசியாவுடையது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 1968-இல் அங்கே பறந்த சிங்கப்பூர்க் கொடியை இறக்கச் சொன்னது மலேசியா, சிங்கப்பூரும் இறக்கியது. அதே மாதிரிக் கொடி பெட்ரா பிராங்காவிலும் பறந்துகொண்டிருந்தது, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீதிமன்றம் பிடித்துக்கொண்டது இந்த மாதிரி மௌனங்களைத்தான். சுற்றுக் கடலில் கப்பல் மோதினால் விசாரித்தது சிங்கப்பூர். மலேசிய அதிகாரிகள் அந்தக் கடலில் அளவெடுக்கப் போனபோது அனுமதி கொடுத்ததும் சிங்கப்பூர். 1962-இலிருந்து 1975 வரை மலேசியா தானே வெளியிட்ட வரைபடங்களில் தீவின் பெயருக்குக் கீழே சிங்கப்பூர் என்று போட்டிருந்தது. 1979 கடைசியில் வந்த புது வரைபடத்தில்தான் அது தன் எல்லைக்குள் என்று காட்டியது, 1980 பிப்ரவரியில் சிங்கப்பூர் மறுப்புக் கடிதம் அனுப்பியது, தகராறு அங்கிருந்துதான் ஆரம்பம்.

எல்லாவற்றிலும் பெரியது 1953 கடிதம். தீவின் நிலை என்ன என்று சிங்கப்பூர் கேட்டதற்கு, அந்தப் பாறைக்கு ஜொகூர் உரிமை கோரவில்லை என்று ஜொகூரின் தற்காலிக அரசுச் செயலாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தூத்துக்குடி மாலுமி:

சட்டம் எனக்குத் தெரியாது, கப்பலில் இருப்பதால் அந்த இடம் தெரியும். வியட்நாம், ஹாங்காங் பக்கமிருந்து தென்சீனக் கடல் வழியாக இறங்கும்போது சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாசல் அதுதான். ராத்திரியில் அந்த இடத்துக்குள் நுழைவது லேசான காரியமில்லை. ஜொகூருக்குக் கிழக்கே வெளியில் நங்கூரம் போட்ட கப்பல்கள் ஊர் மாதிரி வெளிச்சமாக நிற்கும், அதற்கு நடுவில் மீன்பிடிப் படகுகள், எதிரே வெளியேறுகிற டேங்கர்கள், விஎச்எஃப் வானொலியில் சிங்கப்பூரின் கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம் (விடிஐஎஸ்) கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அத்தனை வெளிச்சத்திலும் ஒரே சீராக வெட்டி வெட்டி அடிக்கிற அந்த ஒரு விளக்கைத்தான் கண் தேடும். ஜிபிஎஸ், ரேடார், மின்னணு வரைபடம் எல்லாம் முன்னால் இருந்தாலும் ஹார்ஸ்பர்க் கண்ணில் பட்டுவிட்டது என்றால் கண்காணிப்புப் பணியில் இருப்பவனுக்கு ஒரு நிம்மதி. பகலில் பார்த்தால் கறுப்புப் பட்டை போட்ட வெள்ளைக் கோபுரம், கீழே கொஞ்சம் பாறை, சுற்றிலும் நுரை. தீவு மொத்தமே 137 மீட்டர் நீளம்தான், அதுவும் கடல் வற்றும்போது.

கருங்கல்:

தீர்ப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், கட்டிய கதையை யாரும் சொல்வதில்லை, எனக்கு அதுதான் மனசில் நிற்கிறது. ஹார்ஸ்பர்க் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் நீரளவையாளர், ஸ்காட்லாந்துக்காரர். 1796-இல் அவர் இருந்த கப்பல் தப்பான வரைபடத்தை நம்பி இந்தியப் பெருங்கடலில் உள்ள டியேகோ கார்சியா தீவில் மோதி உடைந்தது, அதற்குப் பிறகு சரியான கடல் வரைபடம் போடுவதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். 1836-இல் அவர் இறந்ததும், சீன வணிகத்தில் இருந்த வியாபாரிகள் அவர் நினைவாக ஒரு விளக்கு வேண்டும் என்று பணம் திரட்டினார்கள். உயிரோடிருந்தபோது அவர் செய்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் இருக்க முடியாது.

கட்டியவர் ஜான் டர்ன்புல் தாம்சன், சிங்கப்பூரின் அரசு நில அளவையாளர், அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. முதலில் பாறை மேல் செங்கல் தூண்களை எழுப்பி விட்டுவிட்டு வந்தார், வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிற அலை என்ன செய்கிறது என்று பார்க்க. அலை தூண்களைச் சேதப்படுத்திவிட்டது. அதன் பிறகுதான் செங்கல் வேண்டாம், கருங்கல் என்று முடிவானது. சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் சீனக் கல்தச்சர்கள் வெட்டிச் செதுக்கிய கற்களைப் படகில் ஏற்றி அந்தப் பாறையில் இறக்க வேண்டும், இறக்குவதற்கு வாகான கரைகூடக் கிடையாது. வாடைக்காலம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். 1850 மே 24-இல் அடிக்கல், 1851 அக்டோபர் 15-இல் விளக்கு எரிந்தது. அதே கோபுரம் இன்றும் நிற்கிறது.

உட்லண்ட்ஸ்வாசி:

மிக்க நன்றி, பூலாவ் பிசாங் விஷயத்தை நாளைக்கே நண்பரிடம் சொல்கிறேன். ஆனால் அந்த 1953 கடிதம் உறுத்துகிறது. ஒரு தற்காலிக அதிகாரி எழுதிய பதிலை வைத்து ஒரு தீவு கைமாறலாமா? மலேசியா இதைக் கேட்கவில்லையா?

பழைய கோப்பு:

கேட்டது, அவருக்கு அந்த அதிகாரமே கிடையாது என்றுதான் வாதாடியது. கடிதம் தீவைக் கைமாற்றவில்லை, ஆனால் தீவு தன்னுடையதல்ல என்றுதான் அன்றைய ஜொகூர் நினைத்திருந்தது என்பதைக் காட்டுகிறது என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்த்து, 1980-க்குள் உரிமை சிங்கப்பூருக்கு வந்துவிட்டது என்றது. 12 நீதிபதிகள் ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு. அந்த நாலு பேர் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது, உங்கள் நண்பரின் வருத்தத்தில் அர்த்தம் இருக்கிறது. 2017-இல் பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த தாள்களை வைத்து மலேசியா மறுபரிசீலனை கேட்டது, 2018 மே மாதம் தானே வாபஸ் வாங்கிக்கொண்டது.

மலேசியா வெறுங்கையோடு போகவும் இல்லை. பக்கத்தில் தெற்கே இருக்கும் மிடில் ராக்ஸ் பாறைகளை அதே தீர்ப்பு மலேசியாவுக்குக் கொடுத்தது, ஏனென்றால் அந்தக் கடிதமும் கொடியும் அங்கே பொருந்தாது. இப்போது அங்கே மலேசியா ஒரு கடல்சார் தளமே கட்டி வைத்திருக்கிறது.

நேரில் பார்ப்பது பற்றி: பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. படகு வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிட்டே போகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், இரண்டு நாட்டுக் காவல் படகுகளும் சுற்றுகிற இடம் அது.

தூத்துக்குடி மாலுமி:

அவர் சொல்வது சரி, தயவுசெய்து அந்த வேலைக்குப் போகாதீர்கள். இன்னும் தெற்கே சவுத் லெட்ஜ் என்று ஒரு பாறை இருக்கிறது, கடல் வற்றும்போது மட்டும்தான் தலை தெரியும், சின்னப் படகுக்கு அது ஆபத்து. அது யாருடைய கடல் எல்லைக்குள் வருகிறதோ அவருக்கு என்று தீர்ப்பு விட்டுவிட்டது.

பழைய கோப்பு:

ஆமாம், எல்லைக் கோட்டை இரண்டு நாடும் பேசித் தீர்க்க வேண்டும். அதற்கென்று கூட்டுக் குழு அமைத்தார்கள், கோடு இன்னும் முடிவாகவில்லை.