பாத்ரூமுக்கு எந்த லைட் பாதுகாப்பு?

திருநகர்வாசி:
பாத்ரூமைப் புதுப்பிக்கிறோம். 5க்கு 7 அடிதான், ஷவருக்கு நேர் மேலே பழைய குண்டு பல்பு தொங்குகிறது. போன வாரம் அம்மா குளித்துவிட்டு ஈரக்கையோடு உள்ளே இருக்கிற சுவிட்சைத் தொட்டபோது சுரீரென்று ஷாக் அடித்துவிட்டது, அன்றிலிருந்து எனக்குப் பயம். என்ன லைட் போடலாம்?

வயரிங்காரர்:
தம்பி, முதலில் சுவிட்சைக் கதவுக்கு வெளியே மாற்றுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். எம்சிபி என்கிற டிரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான், ஆளைக் காப்பாற்றாது. லைட் என்றால், தூசியும் தண்ணீரும் எவ்வளவு புகாது என்று சொல்லும் ஐபி எண்ணைப் பாருங்கள்: ஷவருக்கு மேலே ஐபி65, வாஷ்பேசின் பக்கம் ஐபி44 போதும். கடைசி எண்தான் தண்ணீருக்கு: 4 தெறிப்பைத் தாங்கும், 5 பீய்ச்சினாலும் தாங்கும். பெட்டியில் ஐபி20 என்று இருந்தால் வேண்டாம்.

ஒத்தக்கடை அக்கா:
எங்கள் வீட்டில் உப்புத்தண்ணீர். லைட்டின் இரும்பு விளிம்பு ஒரே வருடத்தில் துருப்பிடித்து, திருகாணியைக்கூடக் கழற்ற முடியவில்லை. பிளாஸ்டிக் பாடி வாங்குங்கள். கண்ணாடிக்கு மேலே மட்டும் போட்டால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும், இரண்டு பக்கமும் போடுங்கள். 4000 கெல்வின் (மஞ்சளும் இல்லாத, நீலமும் இல்லாத நடுத்தர வெள்ளை) வெளிச்சம் கண்ணை உறுத்தாது.

திருநகர்வாசி:
ரொம்ப நன்றி. நாளைக்கு எலக்ட்ரீஷியன் வருகிறார். அதுவரை சுவிட்சில் டேப் ஒட்டி வைக்கிறேன்.

வயரிங்காரர்:
டேப் போதாது தம்பி. மெயினில் அந்த லைனையே இப்போதே அணைத்துவிடுங்கள், இன்றைக்கு ஒரு ராத்திரி சார்ஜ் லைட்டை வைத்துச் சமாளியுங்கள்.